5 வாட் ட்யூப் ஆம்ப்: பல வருடம் வீட்டில் வாசித்த பிறகு

5 வாட் என்றால் சத்தம் குறைவாக இருக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். வீட்டுக்குச் சின்ன ட்யூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களில் ஓடும் கிட்டார் ஒலிபெருக்கி) தேடுகிறவர்கள் பெரும்பாலும் வாட் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். 97 டெசிபல் திறனுள்ள ஒரு கிட்டார் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தாலே, ஒரு மீட்டர் தள்ளி 97 டெசிபல் சத்தம் வரும். 5 வாட்டில் அது 104 ஆகிவிடும். 50 வாட் ஆம்ப் அதைவிட 10 டெசிபல்தான் கூடுதல். காதுக்கு அது சுமார் இரண்டு மடங்கு சத்தம், பத்து மடங்கு இல்லை. 5 வாட்டை முழுதாகத் திறந்தால் அறைக்கதவைச் சாத்தினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

அப்படி இருந்தும் பல வருடமாக நான் தினம் வாசிப்பது இதில்தான். வேறு எதற்கும் மாற மனம் வரவில்லை.

என்னிடம் இருப்பது 1950-களின் ஃபெண்டர் சாம்ப் சர்க்யூட்டைப் பின்பற்றிக் கட்டியது, 5எஃப்1 என்பார்கள். கிட்டாரின் சிறு சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்புக்கு ஒரு 12ஏஎக்ஸ்7 ட்யூப், ஸ்பீக்கரை ஓட்டும் பவருக்கு ஒரே ஒரு 6வி6, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் இடத்தில் 5ஒய்3, அப்புறம் 8 அங்குல ஸ்பீக்கர். மேலே ஒரே ஒரு நாப், வால்யூம். பாஸ், ட்ரெபிள், ரிவெர்ப் எதுவும் கிடையாது. வாங்கிய புதிதில் இது குறையாகத்தான் பட்டது. போகப்போக, திருக வேறு எதுவும் இல்லாததால் கை தானாகக் கிட்டாரின் வால்யூமுக்குப் போகப் பழகிவிட்டது.

இந்த ஆம்பின் சுகமே அங்கேதான் இருக்கிறது. ஆம்ப் நாபில் 12 வரை எண்கள் உண்டு. நான் 7-இல் வைத்து விடுவேன். கிட்டார் வால்யூம் 5-இல் இருந்தால் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும் சுத்தமான ஒலி. 8-க்கு ஏற்றினால் அழுத்தி மீட்டும்போது மட்டும் ஓரம் கரகரக்கும், மெதுவாக மீட்டினால் மறுபடி தெளியும். முழுதாகத் திறந்து ஒரு இ கார்டை மீட்டினால், அடி விழுந்த கணத்தில் ஒலி லேசாக அமுங்கி, உடனே விரிந்து எழும்பி, தேயத்தேய கரகரப்பு கழன்று கடைசியில் வெறும் தந்தி மட்டும் மிஞ்சும். பெடல் எதையும் மிதிக்கவில்லை. எல்லாம் வலது கையும் ஒரு நாபும்.

அந்த அமுங்கலுக்கு ட்யூப் ரெக்டிஃபயர்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். ஒற்றைப் பவர் ட்யூப் ஆம்பில் அதன் பங்கு குறைவு என்பது என் கருத்து. இது கிளாஸ் ஏ, அதாவது வாசிக்காதபோதும் பவர் ட்யூபில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும் வகை. மெதுவாக வாசித்தாலும் அழுத்தி வாசித்தாலும் ட்யூப் இழுக்கும் சராசரி மின்னோட்டம் பெரிதாக மாறுவதில்லை, அதனால் ரெக்டிஃபயர் தளர்வதற்கு அதிக வாய்ப்பில்லை. 6வி6 தன் எல்லையை முட்டுவதுதான் முக்கியம். சும்மா வைத்திருந்தாலும் ஆம்ப் நன்றாகச் சூடாவதற்கும் காரணம் இந்த கிளாஸ் ஏதான். பின்பக்கம் காற்றோட்டம் விட்டு வையுங்கள்.

சரி, சத்தத்தை எப்படிச் சமாளிப்பது? எனக்கு அதிகம் உதவியது ஒரு ட்யூப் மாற்றம். 12ஏஎக்ஸ்7-இன் பெருக்க எண் 100. அதே சாக்கெட்டில் பொருந்தும் 5751-க்கு 70, 12ஏஒய்7-க்கு 44. நான் 5751 போட்டேன். முன்பு நாபைத் தொட்டாலே எகிறியது, இப்போது முதல் பாதி முழுவதும் நிதானமாகத் திறக்கிறது. இரவில் மெதுவாகச் சுத்த ஒலியில் வாசிக்க அந்தப் பாதி போதும்.

ஸ்பீக்கருக்கு முன்னால் அட்டென்யுவேட்டர் (ஆம்பின் சக்தியில் ஒரு பகுதியை விழுங்கிச் சத்தத்தைக் குறைக்கும் கருவி) போட்டும் பார்த்தேன். கொஞ்சம் குறைக்கும்வரை அருமை. படுக்கையறை அளவுக்கு இறக்கினால் ஒலி மெலிந்து சப்பென்று ஆகிவிடுகிறது. அந்தக் கருவியை மட்டும் குறை சொல்ல முடியாது. சத்தம் குறையும்போது தாழ்ந்த ஸ்வரங்களைக் காது குறைவாகவே வாங்கும், ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். போதாததற்கு ஸ்பீக்கர் கோனும் சரியாக அசைவதில்லை.

ரெக்கார்டிங்கில்தான் இந்தச் சின்னப் பெட்டி தன் அளவுக்கு மீறி உழைக்கிறது. தரையில் வைத்தால் அடி ஒலி குழம்பும், அதனால் ஒரு நாற்காலி மேல் ஏற்றிவிடுவேன். ஷூர் எஸ்எம்57 மைக்கைக் கிரில் துணிக்கு இரண்டு விரல் தள்ளி, ஸ்பீக்கர் நடுவில் இருக்கும் மூடியின் ஓரத்துக்கு நேராக வைப்பேன். அங்கிருந்து ஒரு விரல் அகலம் நடுப்பக்கம் நகர்த்தினால் கூர்மை கூடும், வெளிப்பக்கம் நகர்த்தினால் ஒலி மந்தமாகி உருண்டு வரும். ட்ரெபிள் நாப் இல்லாத குறையை இந்த நகர்த்தல் தீர்த்துவிடுகிறது. 8 அங்குல ஸ்பீக்கரில் பாஸ் குறைவு என்பதும் இங்கே லாபம்தான், பாஸ் கிட்டாரோடும் கிக் டிரம்மோடும் மோதாமல் பாட்டில் தன் இடத்தில் உட்காரும். என் ஆம்பில் 8 ஓம் வெளி ஜாக்கும் உண்டு. அதில் 12 அங்குல கேபினெட்டை மாட்டினால் வேறு ஆம்போ என்று தோன்றும் அளவுக்கு ஒலி கனக்கிறது, சத்தமும் கூடுகிறது.

ஸ்பீக்கரோ, அதற்குப் பதிலாக ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் லோட் பாக்ஸோ இல்லாமல் மட்டும் ஆன் செய்து வாசிக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

தொல்லைகளும் உண்டு. லேசான ஹம் (பின்னணியில் கேட்கும் 'ம்ம்' இரைச்சல்) இதோடு பிறந்தது. இரண்டு பவர் ட்யூப் எதிரெதிராக உழைக்கும் ஆம்பில் சப்ளையின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ஒற்றை ட்யூபில் அதற்கு வழியில்லை. சிங்கிள் காயில் பிக்கப் (இரைச்சலை எளிதில் பிடிக்கும் வகை) உள்ள கிட்டாரோடு நான் சற்றுத் திரும்பி உட்கார்ந்தால் பாதி அடங்குகிறது. ஒருமுறை சில ஸ்வரங்களுக்கு மட்டும் கண்ணாடி அதிர்வது போல ஒரு கிணுகிணுப்பு கூடவே வந்தது. பென்சிலின் ரப்பர் முனையால் ட்யூப்களை மெல்லத் தட்டினேன், ப்ரீஆம்ப் ட்யூபைத் தட்டும்போது ஸ்பீக்கரில் டங்கென்று கேட்டது. அதை மாற்றியதும் போய்விட்டது. பவர் ட்யூப் மாற்றுவதும் எளிது, கேதோட் பயாஸ் (ட்யூபின் ஓய்வு மின்னோட்டம் தானாகவே அமையும் முறை) என்பதால் பயாஸ் திருத்த யாரிடமும் கொண்டுபோக வேண்டாம். உள்ளே மின்பாகங்கள் இருக்கும் சேஸிஸைத் திறப்பது வேறு விஷயம். சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், பழக்கம் இல்லாதவர்கள் அதைத் தொடவே கூடாது.

டிரம்மரோடு சுத்தமான ஒலியில் வாசிக்க இது போதாது. மெட்டல் வாசிக்கிறவர்களுக்கும் ஒத்துவராது, அழுத்தமான பாஸ் இதில் கிடைக்காது. அவர்கள் இரண்டு இஎல்84 பவர் ட்யூப் உள்ள 15 வாட் ஆம்ப்களைப் பார்க்கலாம். ப்ளூஸ், பழைய ராக், மெல்லிசைக்குப் பின்னணி கார்டு என்று வீட்டில் வாசித்து வீட்டிலேயே பதிவு செய்கிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். கூடவே ஒரு 5751-உம் வாங்கிக்கொள்ளுங்கள்.