தச்சு வேலைக்கான செயின் சா என்ற பெயரில் விற்கப்படும் பொருந்தாத தொகுப்பு: வாங்குவோர் கவனத்திற்கு

கனத்த உத்தரங்களையும் தூண்களையும் கோடு பிசகாமல் வெட்டுவதற்காக, கைடு ரெயில், சாயும் அடித்தட்டு, அளவுத் தடுப்பு ஆகியவற்றுடன் கூடிய மின்சாரச் செயின் சா (சங்கிலி ரம்பம்) ஒன்றை, "தச்சு வேலைக்கான முழுத் தொகுப்பு" என்ற விளம்பரத்தைப் பார்த்து வாங்கினேன். பெட்டியில் இருந்ததோ கிளை வெட்டுவதற்கான சாதாரணச் செயின் சாவும், வேறொரு தயாரிப்பாளரின் துணைக்கருவிகளும்தான். ஒன்றுக்காக ஒன்று செய்யப்படாத இவற்றை ஒரே இயந்திரமாகக் காட்டி விற்பது ஏமாற்று மட்டுமன்று, கையையும் முகத்தையும் பணயம் வைக்கும் செயல் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

தச்சு வேலைக்கென்றே வடிவமைக்கப்படும் செயின் சாவில், இயந்திரம் ஓர் அகன்ற அடித்தட்டின்மேல் அமர்ந்திருக்கும். பார், அதாவது சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடு, அந்தத் தட்டின் வழியாக மரத்துக்குள் இறங்கும். தட்டுக்கு மேலே சங்கிலி வெளியே தெரியாதபடி உறை மூடியிருக்கும். எனக்கு விற்கப்பட்ட தொகுப்பில் அடித்தட்டு, பாரின் பக்கவாட்டில் திருகுகளால் இறுக்கப்படும் ஒரு பிடிப்பானில் தொங்குகிறது. அந்தப் பிடிப்பானுக்கு இடம் வேண்டும் என்பதற்காக, முன்கைப்பிடிக்கு எதிரே உள்ள கைக்காப்பைக் கழற்றிவிடுமாறு உடன் வந்த குறிப்புத்தாள் சொல்கிறது.

இந்த ஒரு வரிக்காகவே தொகுப்பைத் திருப்பி அனுப்பலாம். அந்தக் கைக்காப்பு வெறும் மறைப்பன்று, சங்கிலியை நிறுத்தும் பிரேக்கின் நெம்புகோலும் அதுவே. ஓடும் சங்கிலி பார் நுனி வளைவின் மேல் கால்வட்டத்தில் ஒரு முடிச்சையோ, மரத்தைத் தாங்கும் முட்டுக்கட்டையையோ தொட்டால், இமைப்பொழுதில் பார் மேல்நோக்கியும் பின்னோக்கியும், அதாவது இயக்குபவரை நோக்கியே எகிறும். அந்த வேகத்தில் கை காப்பின்மீது மோதுவதாலோ, காப்பு தன் எடையின் உந்தத்தால் முன்னே சாய்வதாலோ பிரேக் பிடிக்க வேண்டும். காப்பைக் கழற்றிவிட்டால் இவ்விரண்டு வழிகளும் அடைபட்டுவிடுகின்றன. இதைக் கேட்டபோது விற்பனையாளர், "கைடு இருக்கும்போது பார் எகிறாது சார்" என்றார். கைடு பிடித்திருப்பது பாரின் மேற்பகுதியை மட்டுமே. நுனி மரத்துக்குக் கீழே, வெட்டுபவரின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. எதில் முட்டப்போகிறது என்பது தெரியாத நிலையில், கையில் பிடித்து வெட்டுவதைவிட இது ஆபத்தானது என்பதே என் கருத்து.

பெட்டியின்மேல் ஐ.இ.சி. 62841-4-1 என்று அச்சிட்டிருந்தார்கள். அது செயின் சாக்களுக்கான பாதுகாப்புத் தரம்தான். ஆனால் சோதிக்கப்பட்டது காப்போடு கூடிய இயந்திரமே. காப்பைக் கழற்றி வேறொருவரின் பிடிப்பானை மாட்டிய பின்னர் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

அடுத்தது வெட்டும் ஆழம். விளம்பரத்தில் ஆழம் என்று போட்டிருந்தது பாரின் நீளத்தை. அடித்தட்டின் தடிப்பு, பிடிப்பான் விழுங்கும் இடம், நுனியின் வளைவு ஆகியவற்றைக் கழித்தால்தான் உண்மையான ஆழம் கிடைக்கும். சாய்த்து வெட்டினால் அதுவும் குறையும்: நேராக 30 செ.மீ. இறங்கும் பார், 45 பாகைச் சாய்வில் சுமார் 21 செ.மீ. மட்டுமே இறங்கும். இந்தக் கணக்கைச் சொல்லாமல் விற்றால், பெரிய உத்தரத்தை இரண்டு பக்கமிருந்தும் வெட்டிப் பொருத்த வேண்டியதாகிவிடும். அப்படியானால் கைடு வாங்கியதன் பயனே போய்விடுகிறது.

சங்கிலியிலும் நேர்மை இல்லை. நெடுக்கு வெட்டுக்கான, அதாவது மரத்தின் நார் ஓடும் திசையில் வெட்டுவதற்கான சங்கிலி என்றார்கள். அத்தகைய சங்கிலியின் பற்களில் மேல்தகடு ஏறத்தாழ 10 பாகையில் தீட்டப்பட்டிருக்கும். வந்ததில் 30 பாகை இருந்தது, அது குறுக்கு வெட்டுக்கானது. மாற்றுச் சங்கிலியோ இன்னும் மோசம். சங்கிலி ஓடும் பாரின் பள்ளம் 1.5 மி.மீ. அகலம், அதற்குள் இறங்கி ஓடும் சங்கிலியின் ஓட்டுக்கண்ணி 1.3 மி.மீ. தடிப்பு. பள்ளத்துக்குள் சங்கிலி ஒருபுறம் சாய்ந்து ஓடுவதால் வெட்டும் சாய்கிறது. கையால் கிளை வெட்டும்போது இதை யாரும் கவனிக்கப்போவதில்லை. ரெயிலில் ஓட்டும்போதோ, சங்கிலி ஒரு பக்கம் இழுக்க, ரெயில் மறுபக்கம் பிடிக்க, நடுவில் பார் வளைந்து மரத்தைக் கருக்குகிறது.   சங்கிலிக்கு எண்ணெய் விடும் பம்பு அதை வாரி இறைத்து மரத்தில் கறையாக்குவதைத் தனிக் குறையாகக்கூட நான் எழுதப்போவதில்லை.

புகார் செய்தபோது நடந்ததுதான் இன்னும் வருத்தத்துக்குரியது. விற்பனையாளர் தரப்பில் முதலில் எக்ஸ்டென்ஷன் கேபிள் மெலிது என்றார்கள், 2.5 சதுர மி.மீ. செம்புக் கேபிள் என்று காட்டியதும் எண்ணெய் சரியில்லை என்றார்கள். பிறகு, சங்கிலியும் பாரும் தேய்மானப் பொருள்கள், அவற்றுக்கு வாரண்டி கிடையாது என்றார்கள். இயந்திரத் தயாரிப்பாளரின் சர்வீஸ் மையத்தினரோ, தாங்கள் அங்கீகரிக்காத பிடிப்பானை மாட்டிக் காப்பைக் கழற்றியதால் வாரண்டியே செல்லாது என்று தங்கள் கையேட்டைக் காட்டினார்கள். அவர்கள் சொன்னது நியாயமே. அப்படியென்றால், வாரண்டியை முறிக்கும் ஒரு பொருளை வாரண்டி உண்டு என்று சொல்லி அதே பெட்டியில் வைத்து விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். துணைக்கருவிகளுக்குத் தான் பொறுப்பில்லை என்பதே இதுவரை அவர் தந்துள்ள பதில்.

இத்தகைய தொகுப்பை வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் அடித்தட்டையும் ரெயிலையும் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் காப்பையும் கழற்றாமல் பொருந்துகிறதா, பொருத்திய பின்னும் பிரேக் பிடித்து விடுபடுகிறதா என்று பிளக்கைச் சொருகாமலேயே பார்த்துவிடலாம். ரெயிலின் ஓரமாக ஒரு கோடு இழுத்து, ரெயிலைத் திருப்பி அதே புள்ளிகளில் வைத்து மீண்டும் இழுத்தால், கோணல் இருமடங்காகத் தெரியும். இரண்டு துண்டுகளாக வரும் ரெயிலில் இணைப்பைத் தாண்டி இதைச் செய்யுங்கள். அடித்தட்டுக்கும் பாருக்கும் இடையே மூலைமட்டம் வைத்துப் பார்க்காமல் சாய்வு அளவுகோலின் பூஜ்யத்தை நம்ப வேண்டாம். பாரின் அடியில் பொறித்திருக்கும் பிட்ச் (சங்கிலிக் கண்ணிகளின் இடைவெளி), பள்ள அளவு, ஓட்டுக்கண்ணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் இரண்டு சங்கிலிகளோடும் ஒத்துப்போக வேண்டும். அந்த மூன்றையும், துணைக்கருவிகளை மாட்டினாலும் இயந்திர வாரண்டி செல்லும் என்பதையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.