ஒரு மீட்டர் தூரத்தில் வீடு: 35 மி.மீ. லென்ஸுடன் நீண்ட நாள் அனுபவம்

நிக்கான் டி5300 கேமராவும் 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ் லென்ஸும் பல வருஷமாக எங்கள் வீட்டில் இருக்கின்றன. கேமரா 2013-ல் வந்த மாடல். லென்ஸ் அதற்கும் முந்தையது, 2009. இரண்டையும் அளந்து, சோதித்து, கூர்மைக்கும் நிறத்துக்கும் மதிப்பெண் போட்டு எழுதியவர்கள் ஏற்கெனவே நிறைய பேர். நான் அந்த வேலைக்குப் போகவில்லை. இந்த லென்ஸை வைத்துக்கொண்டு நான் மலை, பறவை, அஸ்தமனம் என்று எதையும் பெரிதாக எடுத்ததில்லை. அம்மா, மனைவி, மகள், மகன், அவ்வப்போது வந்துபோகும் சொந்தக்காரர்கள், அவ்வளவுதான். ஆகவே இதில் பாதி கேமரா, பாதி குடும்பம்.

லென்ஸை வாங்கியது வெளிச்சத்துக்காக. கேமராவோடு வந்த 18-55 ஜூமை 35-ல் வைத்தால் அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துவாரம், எஃப் 4.5 வரைதான் திறக்கும். எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது. 1.8-க்கும் 4.5-க்கும் நடுவில் வெளிச்சத்தில் ஆறு மடங்கு வித்தியாசம். ராத்திரி டியூப் லைட்டில் ஜூம் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன், ஏற்ற ஏற்றப் படத்தில் புள்ளி தெரியும்) 6400 கேட்கிற இடத்தில் இது 1000-லேயே முடித்துவிடும். ஃபிளாஷே வேண்டாம். தூங்கும் குழந்தையும், ஃபிளாஷ் அடித்தாலே கண்ணை மூடிக்கொள்ளும் பெரியவர்களும் உள்ள வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

வெளிச்சத்துக்காக வாங்கிய லென்ஸ் தூரத்தை மாற்றியதுதான் வேடிக்கை. இந்தக் கேமராவின் சென்சாரில் 35 மி.மீ. என்பது ஃபுல் ஃபிரேமில், அதாவது பழைய ஃபிலிம் அளவுள்ள பெரிய சென்சாரில், 52-க்குச் சமம். ஒருவரிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் தலையிலிருந்து மார்பு வரை வரும். ஜூம் கிடையாது. பெரிதாக வேண்டுமென்றால் பக்கத்தில் போக வேண்டும். ஜூம் இருந்தவரை வாசற்படியில் நின்றுகொண்டு உள்ளே இருப்பவர்களை இழுத்து இழுத்து எடுக்கலாம். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மீட்டரில் அந்த வசதி கிடையாது. அது எதிரில் இருப்பவர் நம்மைத் திட்ட முடிகிற தூரம். "அப்புறம் எடு", "தலையே வாரலை", "இப்பத்தான் எடுக்கணுமா?" எல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும். நேற்று சரி என்றவர் இன்றைக்கும் சரி என்பார் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் அனுமதி.

இதை எனக்குப் புரியவைத்தது அம்மா. படம் எடுக்கப் போனாலே முகத்தை இறுக்கிக்கொண்டு நேராக உட்காருவார், அடையாள அட்டைக்கு எடுப்பது மாதிரி. ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போனேன்.

"துணி மடிக்கிறதைப் போய் என்னத்தடா எடுக்குற?"

"சும்மாதாம்மா."

"சும்மாதானே இருக்க, இந்த முனையைப் பிடி."

கேமராவை நாற்காலியில் வைத்துவிட்டுப் படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தேன். விரித்து உதறி, முனையோடு முனை சேர்த்து, அவர் பக்கம் நடந்துபோய்க் கொடுத்து, மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து, மறுபடி போய். அந்த விரிப்பு முடிந்து அடுத்ததும் முடிந்தபின் கேமராவை எடுத்தேன். அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையணை உறையின் ஓரத்தைப் பெருவிரல் நகத்தால் கீறி மடிப்பை அழுத்திக்கொண்டிருந்தார். அந்த விரல் தெளிவாக, முகம் பின்னால் லேசாக மங்கலாக ஒரு படம் இருக்கிறது. இந்த லென்ஸில் நான் எடுத்ததில் எனக்குப் பிடித்தது அதுதான். அதற்கப்புறம் யாரையாவது எடுக்க வேண்டுமென்றால் அவர்கள் செய்யும் வேலையில் முதலில் கொஞ்சம் கை வைப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கேமரா வாங்கியதால் வீட்டு வேலை அதிகமானது என்பதையும் இந்த மதிப்புரையில் சேர்த்துக்கொள்ளலாம்.

பக்கத்தில் என்றால் எவ்வளவு பக்கத்தில்? லென்ஸ் 30 செ.மீ. வரை ஃபோகஸ் பிடிக்கும். அதற்காக முகத்துக்கு அவ்வளவு அருகில் போனால் மூக்கு பெரிதாகி, காது சின்னதாகிவிடும். அது லென்ஸின் குறை இல்லை. கண்ணுக்கு அத்தனை பக்கத்தில் எந்த முகம் வந்தாலும் அப்படித்தான் இருக்கும். முகத்துக்கு ஒரு மீட்டர், கைவேலைக்கு அரை மீட்டர் என்பது என் பழக்கம்.

அடுத்து ஃபோகஸ். எஃப் 1.8-ல், ஒரு மீட்டரில், தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 6 செ.மீ.தான். ஒரே ஆளின் கண் தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். இரண்டு பேர் என்றால் கேட்கவே வேண்டாம். மகனும் மகளும் ஒரு புத்தகத்தின் மேல் குனிந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தலை அரைச் சாண் பின்னால் இருந்தாலே போதும், ஒரு முகம்தான் கிடைக்கும். யாருடைய முகம் என்று நாம் முடிவு செய்தாக வேண்டும். முன்னால் முண்டிக்கொண்டு வருகிறவன் மேல்தான் பெரும்பாலும் ஃபோகஸ் தானாகப் போகும், பின்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பவள் மங்கலாகிவிடுவாள். கேமரா மட்டும்தான் இப்படிச் செய்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். எஃப் 4-க்குப் போனால் ஆழம் 13 செ.மீ. வரை வரும், ஆனால் வெளிச்சம் ஐந்தில் ஒன்றாகிவிடும். அதைவிட எளிய வழி, நாம் பக்கவாட்டில் இரண்டு எட்டு நகர்ந்து இரண்டு முகமும் நமக்குச் சம தூரத்தில் வருகிற இடத்தில் நிற்பது. "நீ முன்னாடி வா, நீ பின்னாடி போ" என்று பிள்ளைகளை நகர்த்தினால் அவர்கள் செய்துகொண்டிருந்த காரியம் கலைந்துவிடும். நகர வேண்டியது பெரும்பாலும் கேமரா வைத்திருப்பவர்தான்.

செட்டிங் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டு, குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/250 நொடி என்று வைத்து அப்படியே விட்டுவிட்டேன். பிள்ளைகள் ஓடினால் 1/500. படத்தில் புள்ளி தெரிந்தால் பரவாயில்லை, முகம் அசைந்து கலங்கினால் போச்சு. எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். பக்கத்தில் போன பிறகு பட்டனைத் திருகிக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பவர் போஸ் கொடுக்கத் தொடங்கிவிடுவார்.

ஒரு வசதியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இதில் கியூ என்று சத்தம் குறைந்த ஷட்டர் முறை ஒன்று உண்டு. பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்வரை உள்ளே உள்ள கண்ணாடி கீழே இறங்காது. விட்டால்தான் 'டக்'கென்று இறங்கும். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது தூங்கும் முகத்தை எடுத்துவிட்டு, பட்டனில் இருந்து விரலை எடுக்காமல் பூனை நடை நடந்து, அடுத்த அறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு விரலை எடுப்பேன். மனைவிக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு அடங்காது.

ஜன்னலுக்கும் வெள்ளைச் சுவருக்கும் முன்னால் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், எதிரில் இருப்பது எல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் மொத்தத்தையும் இருட்டாக்கிவிடும், மாநிறமான எங்கள் முகங்கள் கறுத்துப்போகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, +1 வரை ஏற்றினால் சுவர் வெளுக்கும், முகம் முகமாக வரும். வீட்டில் படமெடுக்கும்போது சுவரைக் காப்பாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. அதைவிட நல்லது, நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுவிடுவது. எங்கள் வீட்டில் அம்மாவின் நாற்காலி இப்போது நிரந்தரமாக அப்படித்தான் இருக்கிறது. பத்திரிகை படிக்கவும் அந்த வெளிச்சம்தான் வசதி என்று அவர் சொல்லிக்கொள்கிறார். நானும் படத்துக்காகத்தான் திருப்பினேன் என்று சொல்லவில்லை.

திரையைத் திருப்பி இடுப்புயரத்தில் வைத்து எடுக்கலாம். ஆனால் உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் வகையைச் சேர்ந்த இந்தக் கேமராவில் திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் மெதுவாகத்தான் வரும். குழந்தை அதுவரை காத்திருக்காது. அதனால் தரையில் படுத்து வியூஃபைண்டர் வழியாகவே எடுப்பேன். நான் படுத்ததும் மகன் முதுகில் ஏறிக்கொள்வான். படம் போய்விடும், முதுகு வலி மட்டும் மிஞ்சும்.

மகள் வளர வளர நிலைமை மாறியது. சின்ன வயதில் கேமராவைக் கண்டாலே ஓடி வருவாள். இப்போது கதவருகே நான் நிற்பது தெரிந்தாலே "அப்பா, வேண்டாம்" என்கிறாள். நான் விட்டுவிடுவேன். அவள் சம்மதித்த நாட்களிலும் ஒரு ஏற்பாடு உண்டு. எடுத்ததும் கேமராவை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும், அவளுக்குப் பிடிக்காததை அவளே அழிப்பாள், மிச்சத்தையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. அவள் அழித்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தவையும் இருந்தன. வாய்விட்டுச் சிரித்ததில் பல் கம்பி தெரிந்த படம் ஒன்று. எனக்கு அது அழகு. ஆனால் அந்த முகத்தோடு பள்ளிக்குப் போகப்போவது நான் இல்லை. இந்த ஏற்பாடு வந்த பிறகு அவள் என்னைத் தவிர்ப்பது குறைந்தது. படித்துக்கொண்டே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனதை எடுத்தபோது மட்டும், பார்த்துவிட்டு "இதை வச்சுக்கோங்க" என்றாள்.

மனைவி போட்ட சட்டம் இன்னும் சுருக்கமானது. பிறந்தநாள், விருந்தினர் வருகை எதுவானாலும் ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளலாம், அப்புறம் கேமரா பீரோவுக்குள். "எடுத்தது போதும், வந்து உட்காருங்க." முதலில் முணுமுணுத்தேன். யோசித்துப் பார்த்தால், எந்த நிகழ்ச்சியிலும் நல்ல படங்கள் எப்படியும் ஆரம்பத்திலேயே கிடைத்துவிடும். பிறகு எடுப்பதெல்லாம் அதே முகங்கள், அதே கோணம்.

எடுப்பவர் படத்தில் இருக்க மாட்டார் என்ற பழைய குறைக்கும் ஒரு வழி கண்டோம். மோடு டயலைப் பச்சை நிற ஆட்டோவுக்குத் திருப்பி, வாரைக் கழுத்தில் மாட்டிவிட்டு, மகனிடம் கொடுத்துவிடுவது. அவன் உயரத்தில் இருந்து எங்கள் வீடு வேறு வீடு. மேஜையின் அடிப்பக்கம், பெரியவர்களின் முழங்கால், என் இரட்டைத் தாடை, பாதி மின்விசிறி. ஆனால் பாட்டியை அவன் எடுத்த படத்தில் அம்மா கண் மூடி, தலை பின்னால் சாய்ந்து சிரிக்கிறார். எனக்கு அப்படி ஒருநாளும் சிரித்ததில்லை. அவனுக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கெல்லாம் கிடையாது, மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு எடுத்திருக்கிறான். மூக்கு கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கிறது.

மெகாபிக்சல் பற்றிக் கேட்பவர்களுக்கு: இதில் 24 இருக்கிறது, 6000-க்கு 4000. ஆறுக்கு நாலு அங்குல பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1800-க்கு 1200 போதும், அதாவது 2 மெகாபிக்சல் சொச்சம். பீரோ கதவில் நாங்கள் ஒட்டி வைத்திருப்பதெல்லாம் அந்த அளவுதான். வாரக்கணக்கில் கதவில் இருந்தும் சலிக்காத படம் ஆல்பத்துக்குப் போகும். மற்றவை கணினியிலும் தனி ஹார்டு டிஸ்க்கிலுமாக இரண்டு பிரதி, உறவினர் வீட்டில் இன்னொன்று.

குறைகளும் உண்டு. சின்ன அறையில் எல்லோரையும் சேர்த்து எடுக்க 35 மி.மீ. போதாது, சுவரில் முதுகு இடிக்கும். அதற்குப் பழைய ஜூமின் 18 முனைதான். எஃப் 1.8-ல் வெள்ளையும் கறுப்பும் சேரும் விளிம்பில் லேசான ஊதா தெரியும், எஃப் 2.8-க்கு வந்தால் குறையும். கேமராவும் லென்ஸும் சேர்ந்து முக்கால் கிலோவை நெருங்கும். வெளியே போகும்போது போன்தான் வருகிறது, இது வீட்டில் இருக்கிறது.

புதிது வாங்குவேனா என்றால், முகத்தில் கண்ணைத் தானே தேடி ஃபோகஸ் பிடிக்கும், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் மேல் ஆசை உண்டு. அந்த 6 செ.மீ. தொல்லை அதில் பாதியாகிவிடும். வாங்கினாலும் லென்ஸ் இதே கோணத்தில்தான் இருக்கும். இதையே பழையதாக வாங்க நினைப்பவர்கள், போன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். டி5300 உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அதனால் ஏஎஃப்-டி வகைப் பழைய லென்ஸ்கள் இதில் கையால் மட்டுமே ஃபோகஸ் ஆகும். லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள வகைதான் வேண்டும், பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.