காஸ்ட்லி வீகன் ஷூ: சில வருஷம் போட்டுத் தேஞ்சப்புறம் ஒரு கணக்கு

தோல் ஷூ, தோல் பெல்ட் எல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு, அதனால இது தோலா, வீகனான்னு (மிருகத்துலருந்து வந்த பொருள் எதுவும் சேக்காதது) பட்டிமன்றம் இல்ல, மாடு விஷயத்துல நான் எப்பவோ முடிவு பண்ணியாச்சு. என் கேள்வி வேற. இருபதாயிரத்துக்கு மேல குடுத்து ஐரோப்பால தச்ச வீகன் ஷூ வாங்குறோமே, டப்பா மேல போட்டிருக்கற 'எதிக்கல்', 'சஸ்டெய்னபிள்' ரெண்டும் அந்தக் காசுக்கு வருதா இல்லையா?

என்கிட்ட ரெண்டு ஜோடி. ஆபீஸுக்கு ஆப்பிள் சக்கை மெட்டீரியல்ல செஞ்ச லேஸ் ஷூ, வெளிய சுத்த ஒரு ஸ்னீக்கர். ரெண்டும் வேற வேற பிராண்டு. முதல் வருஷம் குறையே சொல்ல முடியாது, தோல் ஷூ மாதிரி குதிகால கடிச்சுப் பழக்கற வேலையே இல்ல, வாங்கின அன்னிக்கே நாள் பூரா போட்டுட்டு அலைஞ்சேன், நாத்தம் இல்ல, பாக்கறவங்களுக்கு தோல்னுதான் தோணும். சென்னை வெயில்ல உள்ள வேர்க்கும், அது மட்டும் ஆரம்பத்துலருந்தே இருந்துச்சு. தோல் கொஞ்சம் ஈரத்த குடிச்சுட்டு அப்புறமா வெளிய விடும், இதுல மேல ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கறதால வேர்வை சாக்ஸ்லயே நின்னுடும்.

பிரச்சனை ஆரம்பிச்சது விரல் மடங்கற இடத்துல. மொதல்ல முடி மாதிரி கோடு, அப்புறம் அந்தக் கோடு ஓரம் உரிஞ்சு அடியில இருக்கற வெள்ளைத் துணி எட்டிப் பாக்க ஆரம்பிச்சுது. பாலிஷ் போட்டா உள்ள எறங்காம மேலயே நிக்குது. ஸ்டேஷன் பக்கத்துல செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போனேன். கையில வாங்கி ரெண்டு தடவ மடக்கிப் பாத்தாரு, "இது ரெக்சின் சார், ஊசி போட்டா ஓட்டை வழியாவே கிழிஞ்சுட்டுப் போகும், வேணும்னா சொல்யூஷன் போட்டு ஒட்டித் தர்றேன்"னாரு. ஆப்பிள்ல பண்ணதுண்ணேன்னு சொல்ல வாய் வந்துச்சு, விட்டுட்டேன்.

ஏன்னா அவர் சொன்னதுதான் சரி. வடக்கு இத்தாலில போல்சானோ பக்கம் ஆப்பிள் தோட்டம் ஜாஸ்தி, ஜூஸ் பிழிஞ்ச சக்கைய காய வெச்சுப் பொடியாக்கி ஃப்ருமாட்ங்கற கம்பெனி அதுல ஷீட் பண்ண ஆரம்பிச்சுது. நல்ல ஐடியாதான், குப்பைக்குப் போறது உபயோகமாகுது. ஆனா பொடி தானா ஷீட்டாகாதே, அத புடிச்சு வெக்க பாலியூரித்தேன், அதாவது பி.யு.ங்கற பிளாஸ்டிக், வேணும், அடியில துணியும் வேணும். கிட்டத்தட்ட பாதி ஆப்பிள், மீதி பெட்ரோலியம்னு வெச்சுக்கலாம். அன்னாசி இலை நார்ல வர்ற பின்யாடெக்ஸ், மெக்சிகோல கள்ளிச்செடிய வெச்சு பண்ற டெசெர்ட்டோ, இத்தாலில திராட்சை சக்கை வெஜியா, எல்லாத்துலயும் செடியோட அளவு மாறுமே தவிர கோட்டிங்கா இல்ல பசையா ஏதோ ஒரு பிளாஸ்டிக் ரெசின் உள்ள உக்காந்திருக்கும். இப்படிக் கலந்துட்டா மக்கவும் மக்காது, பிரிச்சு ரீசைக்கிள் பண்றதும் கஷ்டம்.

ஜெர்மனில ஃப்ரைபெர்க்ல இருக்கற ஃபில்க் ஆராய்ச்சி நிறுவனம் 2021ல இந்த மெட்டீரியல்களையெல்லாம் தோலோட சேத்து டெஸ்ட் பண்ணி வெளியிட்டாங்க, எல்லா விஷயத்துலயும் தோலுக்கு ஈடு குடுக்கற மாதிரி ஒண்ணும் தேறல. அவங்க தோல் ஆராய்ச்சிலருந்து வந்த நிறுவனம்ங்கறதையும் மனசுல வெச்சுக்கணும், ஆனா என் ஷூ மடங்கற இடமும் அதேதான் சொல்லுது.

ஸ்னீக்கர் கதை இன்னும் மோசம். மழைக்காலம் வருது, நனைய வேணாம்னு டப்பால போட்டு பரண்ல வெச்சேன், மாசக்கணக்குல தொடல. எடுத்து மாட்டிட்டு தெரு முனை தாண்டறதுக்குள்ள சோல் பிஸ்கட் மாதிரி பொடிப்பொடியா உதிருது. சில வகை பி.யு.வுக்கு ஈரக்காத்து ஆகாது, காத்துல இருக்கற தண்ணி உள்ள பூந்து அதோட கெமிக்கல் கண்ணிய ஒண்ணொண்ணா அறுத்துடும், போடாம வெச்சாலும் நடக்கும், மூடி வெச்சா இன்னும் சீக்கிரம். (தோல் ஷூல பி.யு. சோல் இருந்தாலும் இதே கதிதான், அத ஒத்துக்கறேன்.) கம்பெனிக்கு போட்டோவோட மெயில் போட்டேன், வாரண்டி முடிஞ்சுது, இது இயல்பான தேய்மானம்னு அழகா ஒரு பதில். காலே படாம என்ன தேய்மானம்னு தெரியல.

சரி, அப்ப தோலுக்கே திரும்பிடலாமேன்னு வீட்ல கேட்டாங்க. வேலூர் பக்கம் சொந்தம் இருக்கறவங்களுக்கு பாலாறு என்ன ஆச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. தோல் பதனிடற தொழிற்சாலைக் கழிவு வழக்குல சுப்ரீம் கோர்ட் 1996லயே தீர்ப்பு குடுத்து மாசு பண்ணவன்தான் காசு குடுக்கணும்னு சொல்லிருச்சு. அதுக்கப்புறமும் 2015 ஜனவரில ராணிப்பேட்டைல கழிவுத் தொட்டி ஒடஞ்சு அங்க தூங்கிட்டிருந்த தொழிலாளிங்க பத்து பேர் செத்துப் போனாங்க. பி.யு. மட்டும் சுத்தமான்னா அதுவும் இல்ல, அத தயாரிக்கறதுல ரொம்ப வருஷமா உபயோகிக்கற டி.எம்.எஃப்.ங்கற கரைப்பான் வேலை செய்யறவங்க கல்லீரலுக்கு கெடுதல். தண்ணில கரைக்கற பி.யு.வும் இருக்கு, ஆனா எத போட்டாங்கன்னு ஷூ பிராண்டு பக்கத்துல தேடினா லேசுல கெடைக்காது.

கடுப்பான விஷயம் கூலி. பீட்டா அப்ரூவ்ட் வீகன் முத்திரை மிருகத்துலருந்து வந்த பொருள் இல்லைன்னு மட்டும்தான் சொல்லும், தச்சது யாரு, அவங்களுக்கு என்ன குடுத்தீங்கன்னு அது கேக்கறதே இல்ல. ஆம்பூர்ப் பக்கம் வீட்லயே உக்காந்து ஷூ மேல்பாகம் கையால தைக்கிற பொம்பளைங்க இருக்காங்க, ஜோடிக்கு இவ்வளவுன்னுதான் கூலி, பி.எஃப். இல்ல, ஈ.எஸ்.ஐ. இல்ல, ஷூ வெளிநாட்டுக்குப் போகுது. தோலுக்கு பதிலா ஆப்பிள் ஷீட்ட குடுத்தா அவங்க கூலி ஏறிடுமா?

பெரிய பேருங்க விஷயம் கலவையாத்தான் இருக்கு. இங்கிலாந்து டிசைனர் ஸ்டெல்லா மெக்கார்ட்னி 2001ல தன் பேர்ல ஃபேஷன் லேபிள் ஆரம்பிச்ச நாள்லருந்து தோல் தொடல, அந்தப் பிடிவாதத்துக்கு மரியாதை உண்டு. காளான் வேர்ல பண்ற, தோல் மாதிரி இருக்கற மைலோவ நம்பி அவங்களும் சில பேரும் காசு போட்டாங்க, 2023ல அத தயாரிச்ச போல்ட் த்ரெட்ஸ் நிதி இல்லாம உற்பத்திய நிறுத்திட்டாங்க. இத்தாலி லக்சுரி பிராண்டு கூச்சி 2021ல டெமெட்ரான்னு தோலுக்கு மாத்தா சொந்தமா ஒரு மெட்டீரியல் கொண்டு வந்தாங்க, மூலப்பொருள் 77 சதவீதம் வரைக்கும் செடியிலருந்துன்னு கணக்கு, பக்கத்து ஷெல்ஃப்லயே தோல் ஷூவும் இருக்கு. எனக்கு ஓரளவு நம்பிக்கை வந்தது வேஜாங்கற பிரெஞ்சு ஸ்னீக்கர் பிராண்டுகிட்டதான், அவங்க முழு வீகனும் இல்ல, லக்சுரின்னும் சொல்ல மாட்டேன். அமேசான் காட்டுல ரப்பர் எடுக்கறவங்க, பருத்தி விவசாயிங்கன்னு யார்கிட்ட வாங்குறோம், எப்படி விலை வெக்கிறோம்னு வெளிய சொல்றாங்க, 2020ல பிரான்ஸ்ல போர்தோல ஷூ ரிப்பேர் பண்ற கடையே தொறந்தாங்க. ரிப்பேர் கடைதான் எனக்கு முக்கியம், ஏன்னா ரெண்டு வருஷத்துல குப்பைக்குப் போற ஷூ எந்தப் பழத்துல பண்ணா என்ன.

இப்பல்லாம் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மெயில் போட்டுடறேன். மேல கோட்டிங் என்ன, அடியில துணி பாலியெஸ்டரா பருத்தியா, சோல் ரப்பரா பி.யு.வா, தச்சதா ஒட்டினதா, தேஞ்சா புது சோல் போட முடியுமா, எந்த ஊர் ஃபேக்டரி. பாதிப்பேர் 'எங்கள் பயணம்'னு ஒரு லிங்க் அனுப்பறாங்க, அவங்கள அப்பவே லிஸ்ட்லருந்து தூக்கிடுவேன்.

வெளிய போறதுக்கு இப்ப பருத்தி கேன்வாஸ், கீழ ரப்பர், விலையும் கம்மி, துவைச்சுப் போட்டுக்கலாம். ஆபீஸுக்கு ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், மைக்ரோஃபைபர் (மெல்லிய செயற்கை நார்ல பண்ற துணி, மேல பி.யு.), சோல் தச்சது, மாத்திக்கலாம்னு எழுத்துலயே குடுத்திருக்கான், பழைய ஜோடியோட பாதி விலைதான் வருது. பழம், செடின்னு ஒரு கதையும் விடல, பி.யு.ன்னு நேராவே போட்டிருக்கான். போனஸ் வந்ததும் அதான்.