வேரை மூடும் சீலர்: மூன்று வகையோடும் பழகியதில்

வெள்ளவத்தையில் சின்னதாக ஒரு பல் கிளினிக் வைத்திருக்கிறேன். ரூட் கனால் என்பது பல் வேருக்குள் இருக்கும் கால்வாயைச் சுத்தமாக்கி, குட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளாலான குச்சியால் நிரப்புவது. அந்தக் குச்சிக்கும் வேரின் சுவருக்கும் நடுவே விடுபடும் இடத்தை அடைப்பதுதான் சீலர். மூன்று வகையை வருடக்கணக்காகப் பாவித்துப் பார்த்துவிட்டேன்.

கை பழகியது சிங்க் ஒக்சைட் யூஜினோலில். கண்ணாடித் தட்டில் தூளைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்த்துக் குழைக்க வேண்டும். ஸ்பெச்சுலாவைத் தூக்கும்போது ஓர் அங்குலத்துக்கு அறுபடாமல் நூலாக இழுபட்டால் பதம் சரி. ஆனால் ஈரக்காற்று பட்டால் சீக்கிரம் இறுகிவிடும். ஒக்டோபர் மழையில் கரண்ட் போய் ஏசியும் நின்ற ஒரு நாள், கடைவாய்ப் பல்லின் மூன்றாவது வேருக்குப் போவதற்குள் தட்டிலிருந்தது கட்டியாகிவிட்டது. திரும்பக் குழைத்தேன். அப்புறம், யூஜினோலின் மிச்சம் பல்லின் மேலே அடைப்பாக வைக்கும் வெள்ளை ரெசினை ஒழுங்காக இறுக விடாது.

அதனால் ஏஎச் பிளஸுக்கு மாறினேன். எபொக்சி ரெசின், இரண்டு பசையைச் சம அளவில் கலக்க வேண்டும். 37 பாகை வெப்பத்தில் இறுக ஏறக்குறைய 8 மணித்தியாலம் எடுக்கும் என்பதால் பதற்றமில்லாமல் வேலை செய்யலாம். எக்ஸ்ரேயிலும் பளிச்சென்று தெரியும். வழக்கமாக வரும் ஓர் அன்ரி மட்டும், "பிள்ளை, கராம்பு மணம் ஒண்டும் வரேல்லையே, மருந்து வைச்சனீங்களோ?" என்று கேட்டார். பழைய சீலரில் இருந்தது கராம்பு எண்ணெயின் சத்து, இதில் அது இல்லை என்று விளக்கினேன்.

கடைசியாக வந்தது பயோசெரமிக். கல்சியம் சிலிக்கேற், பல்லுக்குள் இருக்கும் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். ஆகவே பழைய பழக்கத்தில் கடதாசிக் குச்சிகளால் ஒட்ட உலர்த்தக் கூடாது. சிரிஞ்சின் மூடியையும் உடனே போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் நுனியிலேயே இறுகிவிடும். விலையும் கூட. எனக்குள்ள பெரிய பயம் வேறு: பல்லைத் திரும்பத் திறக்க நேர்ந்தால், குட்டாபெர்ச்சாவைக் கரைக்கும் திரவங்கள் எதற்கும் இது இளகாது. வேர் நுனிக்குக் கொஞ்சம் முன்னாலேயே குச்சி நின்றுபோன ஒரு பல்லைத் திரும்பத் திறந்து, அந்த மிச்சத் தூரத்தைக் கடக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

இப்போது குச்சி முழு நீளத்துக்கும் இறங்கியதை எக்ஸ்ரேயில் பார்த்த பிறகுதான் பயோசெரமிக்கைத் தொடுகிறேன். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் ஏஎச் பிளஸ்தான். ஆனாலும் குறை எப்போதும் சீலரில் இல்லை. என்னிடம் திரும்பி வந்த மேல் கடைவாய்ப் பற்களில் பலவற்றில் சீலர் நன்றாகத்தான் இருந்தது; முன்பக்க வேரில் ஒளிந்திருந்த இரண்டாவது கால்வாயைத்தான் முதல்முறை யாரும் திறக்கவில்லை.