கெட்டுவள்ளமா, யாட்டா, மாமாவின் பழைய போட்டா?

குளச்சலுக்குத் திரும்பி எட்டு மாதம் ஆகிறது, இன்னமும் மீன் வாங்கப் போனால் யாராவது ஒருத்தர் "வெள்ளத்துல கெடந்தது எப்படி இருந்தது?" என்று கேட்காமல் விடுவதில்லை (எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் தண்ணீர்). என் கணவர், இவர், ஃபைபர் வேலை செய்கிறவர், வள்ளத்தில் ஓட்டை அடைப்பது முதல் புது அச்சு எடுப்பது வரை தெரியும். அந்த வேலையாகத்தான் ஆலப்புழை போனோம், மழைக்காலத்தில் சவாரி இல்லாமல் கட்டிக் கிடந்த ஒரு கெட்டுவள்ளத்துக்கு, அதாவது ஹவுஸ்போட்டுக்கு, காவலாக ஐந்து மாதம் அதிலேயே குடியிருந்தோம். அப்புறம் கொச்சிக் காயலில், பெங்களூர்க்காரர் ஒருவரின் 34 அடி யாட்டில், அதாவது உள்ளேயே படுக்கையும் அடுக்களையும் உள்ள ஃபைபர் படகில், ஏழு மாதம். இப்போது இவருடைய மாமா தேங்காப்பட்டணத்தில் சும்மா கட்டிப் போட்டிருக்கும் 60 அடி விசைப்படகை விற்கப் போகிறார், அதை வாங்கி வீடாக்கிவிடலாம் என்பது இவருடைய புதுக் கிறுக்கு. அதனால்தான் உட்கார்ந்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் தண்ணீர். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு கிடையாது, இது மூன்றுக்கும் பொது. ஆலப்புழைப் பக்கம் குட்டநாட்டில் காயல் தண்ணீர் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எத்தனை வள்ளம் அதில் என்னென்ன விடுகிறது என்று ஒரு வாரம் பார்த்தவர்கள் அதில் வாய்கூடக் கொப்பளிக்க மாட்டார்கள். ஆனாலும் கெட்டுவள்ளத்தில் தண்ணீர் பெரிய கவலை இல்லை, மேலே டேங்க், கரை நாலடி தூரம், குழாயை நீட்டி நிரப்பிக்கொள்ளலாம். யாட்டில் மொத்தமே 250 லிட்டர் தொட்டி. அது நடுக்காயலில் போயாவில் (மிதவையில்) கட்டிக் கிடந்ததால் ஒவ்வொரு கேனும் ரப்பர் படகில்தான் வரவேண்டும். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நாளைக்கு 30 லிட்டர் என்று கணக்கு வைத்தோம், எட்டு நாள் ஓடும். வீட்டில் துணி துவைக்கும் ஒரு காலையிலேயே நான் அதைவிட அதிகம் கொட்டிவிடுவேன். தலைக்குக் குளிக்கிற நாளை காலண்டரில் குறித்து வைத்த காலம் அது. மாமாவின் போட்டில் தண்ணீர் விஷயம் பரவாயில்லை, வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து தங்கல் போன போட், பெரிய தொட்டி உண்டு. துருவைச் சுரண்டிக் கழுவினால் போதும்.

கக்கூஸைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு செய்வது ஏமாற்று வேலை. கெட்டுவள்ளத்தில் வீட்டில் உள்ளது மாதிரியே இருக்கும், கீழே தொட்டி, நிறைந்தால் ஆள் வந்து உறிஞ்சி எடுக்கணும், அவ்வளவுதான். யாட்டில் கைப்பம்ப். ஒரு வால்வைத் திறக்கணும், இருபது தடவை அடிக்கணும், திரும்ப மறக்காமல் அடைக்கணும், மறந்தால் வெளித்தண்ணீர் அந்த வழியாகவே உள்ளே ஏறலாம். கக்கூஸ் போய்ப் படகை மூழ்கடித்த பெருமை வேண்டாமென்று ராத்திரி ரெண்டு மணிக்கும் டார்ச் அடித்து அந்த வால்வைப் பார்த்திருக்கிறேன். மாமாவின் போட்டில் கக்கூஸே இல்லை. ஆண்கள் அமரத்துப் பக்கம் (படகின் பின்பக்கம்) போய்க் காரியத்தை முடித்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் பொம்பளைகள் போட்டில் தங்கும் வழக்கமே இல்லாததால் அதைப் பற்றி யாரும் யோசித்ததும் இல்லை.

அடுத்தது அடுப்பு. இதில்தான் எனக்குக் கெட்டுவள்ளம் ரொம்பப் பிடித்தது. அடுக்களை பின்கடைசியில், ரெண்டு பக்கமும் காற்றோட்டம், வீட்டு சிலிண்டரையே வைக்கலாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, கீழே இறங்கித் தேங்கும். கரையில் வீட்டில் என்றால் கதவையும் ஜன்னலையும் திறந்து வெளியே விடலாம். யாட்டில் அடுக்களை குழிக்குள் இருக்கிறது, கசிந்த கேஸ் படகின் அடிவயிற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும், அப்போது பம்ப் சுவிட்சில் ஒரு பொறி போதும். அதனால் 5 கிலோ சிலிண்டர் வெளியே தனிப்பெட்டியில், ஒவ்வொரு தடவை சமைத்து முடித்ததும் மேலே ஏறி வால்வை மூடணும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், யாட் அடுப்பு தொட்டில் மாதிரி ஆடும்படி மாட்டியிருப்பார்கள், படகு சாய்ந்தாலும் சட்டி சாயாது. கப்பல் போகும் அலையில் எல்லாம் உருண்டு ஓடியபோதும் என் புளிமுளம் மீன்குழம்பு சிந்தவில்லை.

ஆனால் தேங்காய்? மீன்குழம்புக்குத் தேங்காய் அரைக்காமல் நம் ஊர் ஆளுக்கு சாப்பாடு இறங்குமா! யாட்டில் ரெண்டு 100 ஆம்பியர் பேட்டரி, மேலே 200 வாட் சோலார். வெயில் நாளில் ஃபேன், விளக்கு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் தாராளமாக ஓடும். மிக்சியை ஐந்து நிமிடத்துக்குமேல் ஓட்ட வேண்டியதில்லை, அது தின்னும் கரன்ட் அவ்வளவு ஒன்றும் அதிகமில்லை, ஆனால் போடுகிற அந்த நேரத்தில் இழுக்கும் இழுப்பில் இன்வெர்ட்டர் அலறும். ஜூன் மாதம் மழை பிடித்ததும் சோலார் படுத்துவிட்டது, நான் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுக் கருவாட்டுக்கு மாறினேன். கெட்டுவள்ளத்தில் கரையிலிருந்து ஒயர் இழுத்திருந்தார்கள், அங்கே மிக்சி, டிவி, இவருடைய கிரைண்டர் மெஷின், எல்லாம் ஓடியது.

இதுவரை பார்த்தால் கெட்டுவள்ளம் ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் அது மரம், மூங்கில், பாய். ஆஞ்சிலிப் பலகையை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டுவதால்தான் அதற்குக் கெட்டுவள்ளம் என்று பெயர், கேட்க அழகாக இருக்கிறது, மழைக்காலத்தில் உள்ளே குடியிருந்து பார்த்தால் தெரியும். கூரைப் பாயில் எலி, அலமாரியில் பூஞ்சை, ஆறு மணிக்குக் கொசு. கல்யாணப் பட்டு ஒன்று பச்சையாகவே மாறிப்போனது (அதை ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று கேட்காதீர்கள்). எஞ்சினைப் போட்டு இடம் மாற்றலாமென்றால் ஆகாயத்தாமரை வந்து புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும். ஃபைபர் யாட்டில் எலி இல்லை, கொசு குறைவு, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் படகு தானே அதற்கு முகம் திருப்பி நிற்கும், மேலே மூடியைத் திறந்தால் படுக்கை வரை காற்று.

புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர் குடியிருக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. சண்டை வந்தால் எங்கே போய் உட்காருவது? கெட்டுவள்ளம் 70 அடி. நான் அணியத்தில் (முன்பக்கம்), இவர் அடுக்களைப் பக்கம், நடுவில் ரெண்டு அறை. சாயங்காலத்துக்குள் தானாகவே கோபம் ஆறிவிடும். யாட்டில் ஒருவர் எழுந்தால் இன்னொருவர் காலை மடக்கணும். மழை வேறு பெய்தால் முடிந்தது. ஒரு நாள் சின்ன விஷயம், நனைந்த கயிற்றை என் படுக்கையில் போட்டார் என்று ஆரம்பித்தது, நான் கோபத்தில், இருந்த ஒரே ரப்பர் படகை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டேன். பாவம் நாலு மணி நேரம் அங்கேயே மாட்டிக்கொண்டார். அதுக்கப்புறம் ஒரு சட்டம் போட்டோம், எவ்வளவு கோபம் என்றாலும் ரப்பர் படகை எடுக்கிறவர் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் போகணும்.

சரி, நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருவோம். இங்கே எதை எங்கே கட்டுவது? கெட்டுவள்ளம் தட்டை அடி, கடலில் இறக்க முடியாது. உள்வழியாகக் கொண்டுவரலாமென்றால் அதற்குத்தான் 1860-ல் திருவிதாங்கூரில் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் தொடங்கினார்கள், நாம் ஏ.வி.எம். கால்வாய் என்கிறோமே அதுதான். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை என்பது கனவு, வேலை முழுதாக முடியவில்லை. வெட்டிய பகுதியும் இன்று பல இடங்களில் புதர்தான். மணக்குடிக் காயலில் கட்டலாமா என்று சிலர் கேட்டார்கள். பொழி, அதாவது காயல் கடலில் சேரும் வாய், மணலடித்து மூடினால் தண்ணீர் தேங்கி நிற்கும், திறந்தால் இறங்கிவிடும். 2004 சுனாமியில் அங்கிருந்த பாலத்தையே பிய்த்தெறிந்த இடம் என்பதையும் நினைவில் வைக்கணும்.

யாட்டுக்கு அடியில் கீல் உண்டு, கீழே நீண்டிருக்கும் பலகை மாதிரி ஒரு பகுதி, ஐந்தாறு அடி ஆழம் இல்லாத இடத்தில் நிற்காது. துறைமுகத்துக்குள் கட்டினால் ரெண்டு பக்கமும் போட், ஒரு உரசலில் ஃபைபர் போய்விடும். மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் எல்லா போட்டும் ஒரே சமயத்தில் உள்ளே அடைந்து கிடக்கும். அதிலும் நமக்கு ரெண்டு கணக்கு, சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31. வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்கலாம் என்று சொல்கிறவர்கள் கள்ளக்கடல் பார்க்காதவர்கள். இங்கே காற்றே இருக்காது, எங்கோ தெற்கே வெகுதூரத்தில் கிளம்பிய அலை வந்து தூக்கும். தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து வள்ளங்கள் கவிழ்ந்த கதை ஊருக்கே தெரியும். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு "கடல் அமைதியாக இருக்கிறது" என்கிற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் லேசாகச் சொல்வதில்லை.

ஆக இங்கேயேதான் இருக்கப் போகிறோம் என்றால் மாமாவின் போட் மட்டும்தான் பொருந்துகிறது, எனக்கே இது பிடிக்கவில்லை. எஞ்சின் ரூம் பாதி இடத்தை விழுங்கிவிட்டது. மீன் அறை குளிர் தாங்கும்படி கட்டியது, அதைப் படுக்கையறை ஆக்கினால் வெயில் தெரியாது என்கிறார் இவர். மூடிக் கிடந்த மீன் அறைக்குள் காற்றுப் போக்காமல் இறங்கினால் அழுகல் வாயுவில் ஆள் மயங்கி விழுவதும் உண்டு, அந்த அறையில் நான் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மேல்தட்டில் கேபினை நீட்டிக் கட்டினால் யோசிக்கலாம். இதில் ஒரு பெரிய லாபம் உண்டு, நடுராத்திரி பம்ப் நின்றாலும் பக்கத்து போட்டிலிருந்து ஓடிவர நம் ஆட்கள் இருக்கிறார்கள், இரும்பு வெல்டிங்குக்கு ஆள், எஞ்சினுக்கு ஆள். கொச்சியில் யாட் பம்புக்கு ஒரு ரப்பர் வாசர் வர பதினாறு நாள் காத்திருந்தோம்.

மாமி கேட்டார், "கரையில எடமில்லாமலா இப்படி வெள்ளத்துல போய்க் கெடக்கணும், ஒனக்கும் கிறுக்கு பிடிச்சாச்சா பிள்ளே?" எனக்கும் முழுசாகப் பதில் தெரியவில்லை. இப்போதைக்கு மாமாவிடம் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. ஜூலை மாதம், மற்ற போட் எல்லாம் உள்ளே நெருக்கியடித்து நிற்கும்போது, பதினைந்து நாள் அதில் தங்கிப் பார்க்கிறோம் என்று கேட்டிருக்கிறோம், அதற்கு முன்னால் அமரத்துப் பக்கம் கதவுள்ள ஒரு கக்கூஸ் கட்ட வேண்டும். இவர் நேற்று டேப்பை எடுத்துக்கொண்டு அளக்கப் போயிருக்கிறார்.