14416-இல் தமிழில் பேசுகிறார்கள், வாசலுக்கு வரத்தான் ஆள் இல்லை

முதலில் மதிப்பெண். மனநல உதவிக்காகக் கூப்பிடும் அரசு போன் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணுக்கு ஐந்தில் நாலரை கொடுப்பேன். பெங்களூரில் ராத்திரி நேரத்தில் வீட்டில் ஒருவருக்கு மனநோய் திடீரென்று முற்றினால் கிடைக்கிற மொத்த ஏற்பாட்டுக்கு ஐந்தில் இரண்டுதான். ஒரே நகரத்தில் இரண்டு மதிப்பெண் ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் லிங்கராஜபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். தம்பிக்கு பைபோலார் நோய், அதாவது மனநிலை அளவு மீறி ஏறி இறங்குகிற நோய். மாத்திரை ஒழுங்காகப் போனால் கடைக்கு லைனிங் துணி, நூல், ஜிப் எல்லாம் சிக்பேட்டையிலிருந்து வாங்கி வருவது அவன்தான். மாத்திரை விட்டுப்போனால் முதலில் தூக்கம் போகும், அப்புறம் பேச்சு நிற்காது, அதற்கப்புறம் கோபம். இதையெல்லாம் எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன். "எழுது அக்கா, யாருக்காவது உதவும்" என்றான்.

14416 எப்படி வேலை செய்கிறது என்பது நிறைய பேருக்குத் தெரியவில்லை. எந்த போனிலிருந்தும் கூப்பிடலாம், காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். தமிழும் கன்னடமும் சேர்த்து 20 மொழிகள். முதலில் எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். அவரால் முடியாத விஷயம் என்றால் மனநல மருத்துவர் போன்ற நிபுணரிடம் மாற்றிவிடுவார். 2022 அக்டோபர் 10-ஆம் தேதி, உலக மனநல நாளில் தொடங்கினார்கள். நாடு முழுவதற்கும் தலைமை மையம் நம் ஊர் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ்தான், தொழில்நுட்ப உதவி இங்கே இருக்கிற ஐஐஐடி என்ற தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம். இதுவரை வந்த அழைப்புகள் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

நான் கூப்பிட்டபோது மணி ஒன்று தாண்டியிருந்தது. தம்பி சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தான். அம்மா பூஜை அறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். போனை எடுத்த பெண் என்னை "அக்கா" என்று கூப்பிட்டுத்தான் பேசினார். அவர் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் தேவையானவை. வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், கத்தி, மாத்திரை டப்பா எல்லாம் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது தூங்கினார், எப்போது சாப்பிட்டார், என்ன மருந்து, எத்தனை நாளாக விட்டுப்போயிற்று. ஆபத்தானதையெல்லாம் சத்தமில்லாமல் எடுத்துப் பக்கத்து வீட்டில் வைக்கச் சொன்னார். அவனிடம் ஒருவர் மட்டும் பேசுங்கள், தாழ்ந்த குரலில் பேசுங்கள், அவன் சொல்வது தப்பு என்று வாதாட வேண்டாம், கட்டிப் போடவே கூடாது என்றார். அந்த நேரத்தில் கையும் காலும் ஓடாமல் நிற்கிறவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தம்பி கன்னடம் நன்றாகப் பேசுவான், கடைத்தெருவில் அவனுக்கு அதுதான் பாஷை. ஆனால் உடம்பும் மனமும் சரியில்லாதபோது அம்மாவிடம் பேசுகிற தமிழ்தான் வருகிறது. போனை அவனிடம் கொடுத்தேன். அந்தப் பெண்ணிடம் கொஞ்ச நேரம் பேசினான், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான். பிறகு மருத்துவர் லைனில் வந்தார். நிலைமையைக் கேட்டுவிட்டு, இவரை இன்றைக்கே நேரில் பார்த்தாக வேண்டும், அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள் என்றார். சில நாள் கழித்து அவர்களே திரும்பக் கூப்பிட்டு எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார்கள். காசு வாங்குகிற எத்தனையோ இடங்களில் இந்த விசாரிப்பு இருப்பதில்லை.

இவ்வளவு நல்ல சேவைக்கு மத்திய அரசு ஒதுக்கும் பணம் குறைந்துகொண்டே போவதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2023-24-இல் 133.73 கோடி ரூபாய். 2024-25-இல் 90 கோடி. அதற்கடுத்த பட்ஜெட்டில் 80 கோடியைக்கூடத் தொடவில்லை. கூப்பிடுகிறவர்கள் கூடிக்கொண்டே போகும்போது இது எப்படிச் சரியாகும்?

சரி, அரை மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன்? போன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வீட்டுக்கு வராது. "கூட்டிப் போங்கள்" என்று டாக்டர் சொன்ன நிமிடத்துக்கும் ஒரு டாக்டர் அவனை நேரில் பார்க்கிற நிமிடத்துக்கும் நடுவில் இருக்கிற நேரம் முழுக்க குடும்பத்தின் தலையில்தான். அந்த நேரத்தில் எங்களுக்கு என்ன நடந்தது என்றால், முதலில் கிட்டத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். வாசலிலேயே "இந்த மாதிரி கேஸ் நாங்கள் எடுப்பதில்லை" என்று சொல்லிவிட்டார்கள். ரத்த அழுத்தம்கூடப் பார்க்கவில்லை. தம்பி அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான். அதற்குப் பிறகு அவனை மறுபடி ஆட்டோவில் ஏற்றுவதற்குள் பட்ட பாடு போதும். எதிர்வீட்டு அண்ணன் சொந்த ஆட்டோவை எடுத்து வந்ததால் தப்பித்தோம். அவர் இல்லாத வீடுகள் என்ன செய்யும்? நிறைய வீடுகளில் விடியும்வரை கதவைப் பூட்டிவைத்துக் காத்திருக்கிறார்கள். இல்லை, போலீஸைக் கூப்பிடுகிறார்கள்.

அந்த ஆட்டோவில் கடைசியில் போய்ச் சேர்ந்தது நிம்ஹான்ஸ். அதைப் பற்றி ஒரு வார்த்தை. ஓசூர் ரோட்டில், கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பக்கத்தில். அவசரப் பிரிவு இரவு பகல் திறந்திருக்கும். "அங்கே போனால் பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்கள்" என்று இன்னும் சொல்கிற உறவுக்காரர்கள் உண்டு, அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். எங்களைப் பார்த்த இளம் டாக்டர் என்னைக் கேட்கும் முன்பே தம்பியைக் கேட்டார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நீங்க சொல்லுங்க, என்ன கஷ்டம்?" என்றார். அவன் சாப்பிடுகிற லித்தியம் மருந்தின் அளவு பார்க்க ரத்தம் எடுத்தார்கள். சேர்ந்து சிகிச்சை எடுக்க அவனுடைய சம்மதத்தையே கேட்டார்கள், அவனும் கையெழுத்துப் போட்டான். கூட்டம் அதிகம்தான். கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஆந்திரா என்று எல்லா ஊர்க்காரர்களும் வருகிறார்கள். ஆனால் நகரத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் நள்ளிரவில் ஒருவரை இந்த ஒரே வாசலுக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், குறை இந்த மருத்துவமனையுடையது இல்லை. அதற்கு முன்னால் இருக்க வேண்டிய படிகளை யாரும் கட்டவில்லை.

மனநல மருத்துவச் சட்டம் 2017-இல் வந்தது, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 18-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரைச் சிகிச்சைக்காக நெடுந்தூரம் அலைய வைக்கக்கூடாது, அவர் வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே சேவை இருக்க வேண்டும் என்று அரசுக்குக் கடமை வைக்கிறது. எங்கள் வார்டில் அருகில் இருப்பது என்ன? நம்ம கிளினிக் என்ற சின்ன அரசு மருத்துவ மையம் இருக்கிறது. மாநகராட்சிப் பகுதிக்கு 243 என்று திட்டமிட்டுத் தொடங்கியவை. சர்க்கரைக்கும் காய்ச்சலுக்கும் நான் அங்கேதான் போகிறேன், நல்லபடியாகப் பார்க்கிறார்கள். காலை 9 மணிக்குத் திறந்து மாலை 4.30-க்கு மூடிவிடுவார்கள். மனநோய் உள்ளவர்களுக்கென்று மாநில அரசு வைத்திருக்கும் மானசதாரா மையங்களும் பகல் நேரத்துக்கானவை. நோய் நேரம் பார்த்தா வருகிறது?

பணம் இல்லை என்பார்கள். வருஷா வருஷம் ஏப்ரலில், 5 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும் என்று, எங்கள் சின்ன வீட்டுக்குச் சொத்து வரி கட்டுகிறேன். அந்தக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். வரிக்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி போடுகிறார்கள். சுகாதாரத்துக்கு 15 சதவீதம், நூலகத்துக்கு 6, பிச்சைக்காரர் மறுவாழ்வுக்கு 3. மாநகராட்சி வசூல் செய்கிறது, சுகாதார செஸ் மாநில அரசுக்குப் போய்விடுகிறது. அதாவது லிங்கராஜபுரத்து ஜனங்கள் ஏற்கெனவே சுகாதாரத்துக்கென்று தனியாகப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதில் ஒரு பங்கு, மனநல அவசரத்துக்கென்று, எங்கள் பகுதிக்கே திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கிறேன். இது பிச்சை இல்லை, நாங்கள் கட்டிய காசு.

உள்ளாட்சியால் இதெல்லாம் முடியுமா என்று கேட்கிறவர்கள் கேரளத்தைப் பார்க்கட்டும். 2008-இல் அங்கே வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று கொள்கை வந்த பிறகு பஞ்சாயத்துகளே தங்கள் திட்டப் பணத்தில் நர்ஸ் வைத்து, வண்டி வைத்து, படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கு அனுப்புகின்றன. தமிழ்நாட்டில் தெருவில் திரியும் மனநோயாளிகளுக்காக புதுக்கோட்டை, திருவண்ணாமலை போன்ற மாவட்டங்களில் அவசர மீட்பு மையங்களை அரசு நடத்துகிறது. பெங்களூரிலோ 2025 செப்டம்பரில் ஒரே மாநகராட்சி போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. ஆளுக்கொரு மனநல அவசர மையம் தொடங்கினால் ஐந்து ஆயிற்று.

பெரிய கட்டிடம் ஒன்றும் கேட்கவில்லை. நாலரை மணிக்குப் பூட்டுகிற ஒரு கிளினிக்கை ராத்திரியும் திறந்து வையுங்கள். நாலைந்து கட்டில், மனநலப் பயிற்சி பெற்ற இரண்டு நர்ஸ், ஒரு ஆலோசகர், போனில் நிம்ஹான்ஸ் டாக்டர், ஒரு வண்டி. தமிழும் கன்னடமும் உருதும் தெலுங்கும் தெரிந்தவர்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், வேலைக்கு எடுத்தால் போதும். 14416-இல் பேசுகிறவர் "கூட்டிப் போங்கள்" என்று சொல்வதற்குப் பதில் "வண்டி அனுப்புகிறோம்" என்று சொல்ல முடிய வேண்டும். சிலருக்கு மருந்து கொடுத்து, ஒரு ராத்திரி தூங்க வைத்தாலே காலையில் வீட்டுக்குப் போய்விடலாம், பெரிய ஆஸ்பத்திரி வரை போக வேண்டியே இருக்காது. தம்பியிடம் கேட்டேன், அவனும் இதைத்தான் சொன்னான். அந்த ஆட்டோப் பயணமும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரி வாசலும்தான் தன்னை அதிகம் கெடுத்தது என்கிறான்.

இதையே கன்னடத்தில் எழுதி, எங்கள் மகளிர் குழுவில் கையெழுத்து வாங்கி, வார்டு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். தேதி போட்டு சீல் வைத்த நகல் எங்களிடம் இருக்கிறது. உங்கள் பகுதியிலும் கொடுங்கள். சொத்து வரி ரசீதின் நகலையும் கூடவே இணையுங்கள், செஸ் எவ்வளவு கட்டினீர்கள் என்பது அதில் எழுத்திலேயே இருக்கிறது.

வீட்டில் இப்படி ஒருவர் இருப்பவர்களுக்கு: 14416-ஐ எல்லோருடைய போனிலும் இப்போதே பதிந்து வையுங்கள், பெரியவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். கடைசி மருந்துச் சீட்டு, பிபிஎல் கார்டு இருந்தால் அது, ஆதார் நகல், ஒரு சால்வை, பிஸ்கட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அலமாரியில் தனியாக வைத்திருங்கள். நோயாளி நன்றாக இருக்கும்போதே அவரிடம் உட்கார்ந்து, முற்றினால் யாரைக் கூப்பிடட்டும், எங்கே கூட்டிப் போகட்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதே 2017 சட்டம் அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. எங்கள் வீட்டுத் தாளில் தம்பி முதலில் எழுதியிருப்பது எதிர்வீட்டு அண்ணனின் நம்பர்.