கேம் கன்சோலின் திறனைப் பகிர்வது: கொடுப்பதா, கடன் வாங்குவதா, படத்தை மட்டும் அனுப்புவதா?

சோனி, தோஷிபா, ஐபிஎம் ஆகிய மூன்று நிறுவனங்களும் 2001இல் கைகோத்து ‘செல்’ என்ற செயலியை (கணக்குகளைப் போடும் புராசஸர் சில்லை) உருவாக்கத் தொடங்கியபோது, அது ஒரு கேம் கன்சோலுக்கு மட்டுமானதாக நினைக்கப்படவில்லை. அதே செயலி தொலைக்காட்சியிலும் வீட்டின் மற்றச் சாதனங்களிலும் இருக்கும், ஒன்று சும்மா இருக்கும் நேரத்தில் இன்னொன்றின் வேலையில் பங்கெடுக்கும் என்பது சோனியின் பிளேஸ்டேஷன் கன்சோலை உருவாக்கிய கென் குத்தராகியின் கனவு. பிளேஸ்டேஷன் 3 2006 நவம்பரில் கடைக்கு வந்தது. செல் செயலி பொருத்திய தோஷிபா தொலைக்காட்சியும் 2009இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஆனால் இரண்டும் ஒரே வரவேற்பறையில் இருந்தாலும், ஒன்றின் வேலையை மற்றொன்று வாங்கிச் செய்யவில்லை.

காரணத்தை எண்களிலேயே காணலாம். பிளேஸ்டேஷன் 3இல் செல் செயலிக்கும் அதன் நினைவகத்துக்கும் இடையே நொடிக்கு 25.6 ஜிகாபைட் தரவு ஓடும். அதே கன்சோலின் பின்புறம் இணையக் கேபிளைச் செருகும் ஈதர்நெட் போர்ட் வழியாகவோ, ஏட்டளவில்கூட நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் போகாது. அதாவது இருநூறில் ஒரு பங்கு. நொடிக்கு 60 ஃபிரேம் (அடுத்தடுத்த படங்கள்) ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேமை வரைந்து முடிக்கக் கிடைப்பது 16.7 மில்லிநொடி மட்டுமே. அதற்குள் வேலையைப் பிரித்து, பக்கத்துச் சாதனத்துக்கு அனுப்பி, விடையைத் திரும்பப் பெற்று, திரையில் சேர்க்க வேண்டும். எனவே எந்தப் பகிர்வு முறையை எடைபோட்டாலும், செயலிக்கு எவ்வளவு வலு உண்டு என்பதைவிட, விடை எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

காத்திருக்கக்கூடிய வேலைக்குச் சிறந்த சான்று, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ திட்டம். புரத மூலக்கூறுகள் எப்படி மடிகின்றன, எங்கே தவறாக மடிந்து அல்சைமர் போன்ற நோய்களோடு தொடர்புபடுகின்றன என்பதைக் கணித்துப் பார்க்கும் இந்த ஆய்வு, 2007 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3க்கும் வந்தது. ஆட்டம் முடிந்ததும் பட்டியலில் இருந்த அதன் சின்னத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் போதும். கன்சோல் ஒரு சிறு கணக்குப் பொதியை இறக்கிக்கொண்டு, மணிக்கணக்கில் தன்பாட்டுக்கு உழைத்து, விடையை அனுப்பிவிட்டு அடுத்ததைக் கேட்கும். அந்த நேரமெல்லாம் திரையில் ஒரு புரத மூலக்கூறு மெல்ல நெளிந்துகொண்டிருக்கும். உலக உருண்டையின் மீது, அதே வேலையைச் செய்யும் மற்ற வீடுகள் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். யாரோ ஒரு நோயாளிக்காகத் தன் வீட்டு இயந்திரமும் உழைக்கிறது என்பதைக் கண்ணால் காட்டிய அந்தத் திரை, கன்சோல் வரலாற்றிலேயே அழகான ஒன்று என்று நான் கருதுகிறேன்.

அதே 2007இல் அந்த வலைப்பின்னலின் வேகம் ஒரு பெட்டாஃபிளாப்பை (நொடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்குகளை) தாண்டிக் கின்னஸ் பதிவையும் பெற்றது. 2012 நவம்பரில் சோனி அதை நிறுத்தும் வரை 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் பங்கேற்றிருந்தனர். குறைகளும் இருந்தன. செல் செயலியின் ஒவ்வொரு துணை உட்கருவுக்கும் (உள்ளே தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிக்கும்) 256 கிலோபைட் நினைவகமே இருந்ததால், சிலவகைக் கணக்குகளை மட்டுமே அதற்குத் தர முடிந்தது. தொடக்ககாலக் கன்சோல்கள் ஏறக்குறைய 200 வாட் மின்சாரம் இழுத்ததால், எட்டு மணி நேர உழைப்புக்கு ஒன்றரை யூனிட்டுக்குமேல் ஆனது. கொடை இலவசம், மின்கட்டணம் கொடுப்பவருடையது.

கன்சோல்களையே மொத்தமாக வாங்கி அடுக்கியவர்களும் உண்டு. அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் 2010இல் நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில் 1,700க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3களை இணைத்து ‘காண்டர்’ என்ற மீக்கணினியை அமைத்தது. ஆனால் அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி வெளிவந்த 3.21 மென்பொருள் பதிப்பிலேயே, லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்தை நிறுவும் வசதியைச் சோனி நீக்கிவிட்டது. பாதுகாப்பைக் காரணம் சொன்னார்கள். அதோடு, குறைந்த விலைக்குக் கன்சோலை விற்று விளையாட்டு விற்பனையில் ஈடுகட்டும் வணிகத்துக்கு, ஒரு விளையாட்டையும் வாங்காத ஆய்வகம் நல்ல வாடிக்கையாளர் அல்ல. ஒருவர் காசு கொடுத்து வாங்கிய இயந்திரத்தின் திறனை மற்றொருவர் தொலைவிலிருந்து மூடிவிடலாம் என்பது இந்த வழியின் பெரும் பலவீனம்.

எதிர்த்திசையில், கன்சோல் வெளியிலிருந்து திறனைக் கடன் வாங்கும் வழியை மைக்ரோசாஃப்ட் முயன்றது. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை அறிமுகப்படுத்தியபோது, அதன் சேவைக்குப் பின்னால் மூன்று லட்சம் சர்வர்கள் நிற்கும் என்று அறிவித்தது. ‘ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 5’ என்ற கார்ப் பந்தய விளையாட்டு இதை நன்றாகப் பயன்படுத்தியது. ஒருவர் கார் ஓட்டும் பாணியைக் கிளவுடில், அதாவது தொலைவிலுள்ள அந்தச் சர்வர்களில், கற்று, அவர் சாயலில் ஓட்டும் எதிராளியை மற்றவர்களுக்கு அனுப்பியது. அந்தக் கற்றல் நாளைக்கு முடிந்தாலும் கெடுதலில்லை. ‘கிராக்டவுன் 3’ என்ற விளையாட்டு ஆசைப்பட்டதோ, கட்டடங்கள் நொறுங்கி விழும் இயற்பியல் கணக்கை அந்தந்தக் கணமே சர்வர்களில் போட. 2019இல் ஆட்டம் வெளிவந்தபோது, அந்த அழிவு இணையத்தில் பலர் மோதும் ஒரு பிரிவில் மட்டுமே இருந்தது. தனியாள் கதைப்பகுதியில் இல்லை. இணையம் நின்றால் சுவர் இடியாது என்ற நிலையை ஒரு கதை ஆட்டம் தாங்காது.

மூன்றாவது வழி கணக்கைப் பிரிப்பதே இல்லை. முழு வேலையும் ஓரிடத்தில் நடக்க, படம் மட்டும் பயணிக்கிறது. 2012இல் வந்த நின்டெண்டோ வீ யூவின் கையடக்கத் திரையும், 2023இல் வந்த பிளேஸ்டேஷன் போர்ட்டலும் இந்த வகையைச் சேர்ந்தவை. போர்ட்டலில், வீட்டு வைஃபை சீராக இருந்தால், கையிலிருக்கும் மெலிந்த திரையில் பெரிய கன்சோலின் ஆட்டம் அப்படியே ஓடும். இரண்டு சுவர் தாண்டிச் சமையலறைக்குப் போனால் படம் கட்டம் கட்டமாக உடையும். இதைத் திறன் பகிர்வு என்று அழைப்பது மிகை. ஆனாலும் அன்றாடப் பயனுக்கு, இன்று ஒருவர் கேட்டால் நான் இதையே பரிந்துரைப்பேன், ரவுட்டருக்கும் கன்சோலுக்கும் இடையே கேபிள் போட்டுவிடுங்கள் என்ற ஒரே நிபந்தனையுடன்.

எனினும் மனம் முதல் வழியான கொடையையே நாடுகிறது. 2020இல் கொரோனா வைரஸின் புரதங்களை ஆராய்ந்த ஃபோல்டிங் அட் ஹோம், ஒரு எக்ஸாஃபிளாப்பை, அதாவது ஆயிரம் பெட்டாஃபிளாப்பை, தாண்டியது. அதில் உழைத்தவை வீட்டுக் கணினிகளும் சர்வர்களும். ஒவ்வொன்றும் 10 டெராஃபிளாப்புக்கு (நொடிக்குப் பத்து லட்சம் கோடி கணக்குகளுக்கு) மேல் திறன் கொண்ட பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் அதே ஆண்டு நவம்பரில் சந்தைக்கு வந்தன. இரவில் ஓய்வு நிலையில் கிடக்கும் அவற்றின் அமைப்புப் பக்கங்களில், அந்தத் திறனை ஆய்வுக்குத் தர ஒரு விருப்பத்தேர்வும் இல்லை.